பாதுகாப்பான கரைப்பானுக்கு இரண்டு பாதைகள்

கொழும்பில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜ்களில் மூக்கைத் துளைக்கும் தின்னர் வாடைக்குப் பெரும்பாலும் டொலுயீன் போன்ற கரைப்பான்களே காரணம். அவை நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். நச்சுத்தன்மை குறைந்த மாற்றாகப் பேசப்படுவது டைமெத்தில் கார்பனேட். அதுவும் எளிதில் தீப்பற்றும் என்பதை மறக்க வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, அது எப்படித் தயாராகிறது என்பதுதான்.

பழைய வழியில் மெத்தனோலுடன் பொஸ்ஜீன் வினைபுரியும். முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அதே வாயு! உள்ளிடும் பொருட்களின் எடையில், கணக்குப்படி, சுமார் 55 சதவீதமே கரைப்பானாகிறது. மீதி ஹைட்ரஜன் குளோரைட்டு. நம் கராஜ் தொழிலாளியின் நுரையீரலைக் காக்க வேறொரு நாட்டுத் தொழிலாளியை பொஸ்ஜீன் அருகே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதிய வழியில் மெத்தனோல், கார்பன் மொனொக்சைட்டு, ஒட்சிசன் மூன்றும் செப்புக் குளோரைட்டு ஊக்கியின் உதவியால் இணைகின்றன. கழிவு வெறும் நீர். உள்ளிடும் எடையில் சுமார் 83 சதவீதம் கரைப்பானாகிறது. கார்பன் மொனொக்சைட்டும் நஞ்சுதான், ஊக்கி உலோகத்தையும் அரிக்கும். இருந்தும் என் தேர்வு இதுவே. கொள்வனவு செய்வோர் விலையோடு தயாரிப்பு முறையையும் இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.