கையால் அழுத்தும் மண்கல் இயந்திரம்: ஜாம்பியாவில் மூன்று வாரம் இழுத்துப் பார்த்தது

என் அக்கா மகள் ஜாம்பியாவில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை டோங்கா இனத்தவர். சோமா நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஊர்த் தலைவர் அவர் குடும்பத்துக்கு ஒதுக்கிய நிலத்தில் இரண்டு அறை வீடு கட்ட முடிவு செய்தார்கள். "மாமா, நீங்க வந்து பக்கத்துல நின்னா தைரியமா இருக்கும்" என்றாள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டுமானத் தளங்களில் 26 வருஷம் மேற்பார்வை பார்த்தவன் நான். போன ஜூலையில் சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்திலிருந்து கிளம்பிவிட்டேன்.

அந்தப் பக்கம் செங்கல்லை வயலிலேயே சூளை போட்டுச் சுடுவார்கள். அதற்கு எரிகிற மரம் கொஞ்சநஞ்சமல்ல. அது வேண்டாம் என்று அவள் வாங்கியதுதான் இந்த இயந்திரம். சின்வா ராம் என்ற பழைய வடிவம். 1956இல் கொலம்பியாவில் உருவானது. மின்சாரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம். அச்சுப்பெட்டியில் ஈர மண்ணைக் கொட்டி, மூடியைத் தள்ளி, நீளக் கம்பியை உடல் எடையெல்லாம் போட்டு இழுக்க வேண்டும். பிறகு கம்பியை மறுபக்கம் சாய்த்தால் கல் மேலே எழும்பி வரும். 29க்கு 14, உயரம் 9 சென்டிமீட்டர். முதல் கல்லைக் கையில் எடுத்தபோது ஓரம் கத்தி மாதிரி இருந்தது. சிங்கப்பூரில் ஆலையிலேயே வார்த்து லாரியில் வந்து இறங்கும் முன்வார்ப்புச் சுவர்களைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருந்தேன். மண் கல்லாகிறதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் இயந்திரம் பாதிதான், மீதி மண். அவசரப்பட்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த கறுப்பு மண்ணில் 60 கல் போட்டோம். மூன்றாம் நாள் எல்லாம் வெடித்துவிட்டன. அப்புறம்தான் முறைப்படி சோதித்தோம். 60 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 4 ஆழம் உள்ள மரப்பெட்டியில் ஈர மண்ணை நிரப்பிக் காயவிட்டு, எவ்வளவு சுருங்கியது என்று அளக்க வேண்டும். கறுப்பு மண் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் சுருங்கியது. அதை ஒதுக்கிவிட்டு, சரிவில் மேல்மண்ணை நீக்கித் தோண்டிய சிவப்பு மண்ணோடு ஆற்று மணல் கலந்தோம். 2 சென்டிமீட்டர்தான் சுருங்கியது. 16 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட் போட்டோம். 50 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 120 கல் வந்தது. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி உருண்டையை நெஞ்சு உயரத்திலிருந்து போடுவோம். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. மாப்பிள்ளையின் அம்மா இரண்டே நாளில் கையில் பிடித்ததுமே சொல்லிவிடுவார்.

நாலு பேர் சேர்ந்து முதல் நாள் 90 கல், பிறகு 250 வரை போட்டோம். தோள்பட்டை வலி நிச்சயம். எட்டாம் நாள் கம்பியைத் தாங்கும் முளை வளைந்துபோய், சோமாவில் வெல்டிங் செய்பவரிடம் ஒரு நாள் காத்திருந்தோம். பட்டறையில் வாங்கும்போதே உபரி முளை இரண்டு கேட்டு வாங்கிவிடுங்கள்.

கல்லைப் பதப்படுத்துவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே ஜூலைக் காற்று குளிர்ச்சி, அதோடு நல்ல வறட்சி. புல்லால் மூடி ஒரு வாரம் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தோம். கைப்பம்பிலிருந்து 20 லிட்டர் கேன்களில் சுமந்த தண்ணீர் அது. நாலு வாரம் கழித்துத்தான் சுவர் வைக்க வேண்டும். நவம்பரில் மழை தொடங்கும், அதற்குள் கூரை ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஜூலையிலேயே ஆரம்பித்தோம்.

திண்ணையை வடக்குப் பார்த்து வைக்கச் சொன்னேன். அங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் வரும்.

சுமார் 2,200 கல்லில் வீடு முடிந்தது. இயந்திரம் இப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டு வாசலில் இருக்கிறது. மரப்பெட்டியையும் மறக்காமல் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.