தாளா, குரல் பதிவா?

வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வருபவர்களின் வீட்டார் குழம்புவது இதில்தான்: வீட்டில் பராமரிக்கத் துண்டுப்பிரசுரம் போதுமா, தாதியின் விளக்கத்தைக் கைபேசியில் பதிவதா?

செலவு: இரண்டுக்கும் பெரிதாக இல்லை.

நீடித்து உழைப்பது: தாள் மழையில் நனையும், பதிவு கைபேசியோடு தொலையும்.

இலகு: தாளில் 38 பாகை செல்சியஸ் என்ற எண்ணை விரல் வைத்துக் காட்டலாம். கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுத்தவருக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நள்ளிரவில் பதிவைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் பதிவில் நோயாளியின் சொந்தக் கேள்வி இருக்கும்: "வயலுக்குப் போகலாமா, பிள்ளை?" அச்சடித்தவர் அதை நினைத்தே இருக்க மாட்டார்.

வாசிக்கச் சிரமப்படும் அம்மாவுக்குப் பதிவு, தாதியிடம் அனுமதி கேட்டபின். பலர் மாறிமாறிப் பராமரிக்கும் வீட்டுக்குத் தாள், அடுப்படிச் சுவரில்.