காய்ச்சலுக்குப் பிறகு மாரத்தான் ஓடலாமா? – போலார் எச்10 மார்புப் பட்டை, ஒரு கணக்கு டீச்சரின் மதிப்பீடு

போலார் எச்10 நல்ல பட்டை. இதயத்துடிப்பை ஒழுங்காக எண்ணிச் சொல்கிறது, அந்த வேலையில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வேகத்தைக் கூட்டுவதற்காக நான் இதை வாங்கவில்லை. டெங்கு வந்து எழுந்த பிறகு ஜனவரி மாரத்தானை ஓடலாமா, விட்டுவிடலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்விக்கு இது எவ்வளவு தூரம் உதவியது என்பதைத்தான் எழுதுகிறேன். பேட்டரி, ப்ளூடூத் சமாச்சாரமெல்லாம் கடைசியில்.

எனக்கு வயது 44. தாம்பரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் பக்கமாக விடியற்காலையில் ஓடும் ஒரு சின்னக் கூட்டத்தில் நானும் உண்டு. சென்னை மாரத்தானில் முழு தூரத்துக்கு, அதாவது 42.195 கிலோமீட்டருக்கு, முன்கூட்டியே பணம் கட்டியிருந்தேன். வடகிழக்குப் பருவமழை வந்தது, அதோடு ஏடிஸ் கொசுவும் வந்தது. நவம்பரில் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, முதுகு முறிகிற மாதிரி வலி. பிளேட்லெட் 40 ஆயிரத்துக்கு இறங்கி, மருத்துவமனையில் படுத்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். அம்மா நிலவேம்புக் கசாயத்தோடு வாசலிலேயே நின்றிருந்தார். "எலும்பும் தோலுமா வந்திருக்கே, இதுல ஓட்டம் ஒரு கேடா?" என்பதுதான் முதல் வரவேற்பு.

வீட்டுக்கு வந்ததும் கையில் இருந்த பழைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். காய்ச்சலுக்கு முன்பு எனக்குத் தூக்கத்தில் துடிப்பு 56 இருக்கும். இப்போது 47 காட்டியது. "உடல் பயிற்சிக்குத் தயார்" என்று பச்சை நிறத்தில் ஒரு பாராட்டு வேறு. ஓடுகிறவர்களுக்குத் தெரியும், ஓய்வில் துடிப்பு குறைந்தால் நாங்கள் எவ்வளவு பூரித்துப்போவோம் என்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கடிகாரமோ நான் முன்னைவிடத் தேறியிருப்பதாகச் சொல்கிறது. எதை நம்புவது?

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். டெங்குவில் காய்ச்சல் விட்டுத் தேறும் கட்டத்தில் துடிப்பு மெதுவாவது அடிக்கடி நடப்பதுதான் என்றார். பயப்படவும் வேண்டியதில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. அது உடற்தகுதியின் அடையாளம் இல்லை, நோயின் வால். ஈ.சி.ஜி. எடுத்தார், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் பார்த்தார், கல்லீரல் நொதிகளையும் பிளேட்லெட்டையும் மறுபடி சோதித்தார். டெங்கு சில பேருக்கு இதயத் தசையிலும் அழற்சியைக் கொண்டுவரும்; அப்படி ஒன்று இருந்தால் மூன்று முதல் ஆறு மாதம் போட்டி என்ற பேச்சே கூடாது. எனக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. "மாரத்தான் ஓடலாமா டாக்டர்?" என்றேன். "படி ஏறலாமான்னு முதல்ல கேளுங்க மேடம்" என்றார்.

பட்டை வந்தது அதற்கு அப்புறம். இந்த வரிசை முக்கியம். பட்டை வாங்கினால் டாக்டரைப் பார்க்க வேண்டாம் என்று யாராவது நினைத்தால், இந்த மதிப்பீட்டை அவர்கள் இங்கேயே மூடிவிடலாம். எச்10-ஐ சில செயலிகளோடு இணைத்தால் ஈ.சி.ஜி. கோடு கூடத் திரையில் ஓடும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அதைப் படிக்க நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கையில் கட்டும் கடிகாரம் பச்சை விளக்கைத் தோலுக்குள் அடித்து, ரத்தம் ஏறி இறங்குவதை வைத்துத் துடிப்பை ஊகிக்கிறது. ஓடும்போது கை ஆடும், வியர்வை வழியும், கடிகாரத்தின் வார் நெகிழும். சில சமயம் அது துடிப்பை விட்டுவிட்டு நம் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 165 அடி வைத்தால் இதயமும் 165 என்று காட்டும். நன்றாக இருக்கும் காலத்தில் அதைச் சிரித்துவிட்டுப் போகலாம். நோயிலிருந்து எழுந்தவளுக்கு 130-க்கும் 165-க்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாமே. மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே நேராகப் பிடிக்கிறது. அதனால் இந்தக் குழப்பம் அதில் கிடையாது.

முதலில் செய்து பார்த்தது ஓட்டமே இல்லை. காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால், பட்டையைக் கட்டிக்கொண்டு சில நிமிடம் படுத்திருப்பது, பிறகு எழுந்து சில நிமிடம் நிற்பது. படுத்தபோது 50. நின்றபோது 94. வெறுமனே எழுந்து நிற்பதற்கே என் இதயம் இவ்வளவு பாடுபடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. கடிகாரம் தந்த பாராட்டு அங்கேயே செத்தது. வாரங்கள் போகப் போக அந்த இடைவெளி சுருங்கியது, டிசம்பர் நடுவில் நின்றால் 78 என்ற அளவுக்கு வந்தது. வாங்கிய காசுக்கு இந்தச் சோதனை ஒன்றே போதும் என்பேன்.

நடை சுலபமான பிறகு மெல்ல ஓடத் தொடங்கினேன். எல்லையாக வைத்துக்கொண்டது மாஃபெட்டோன் என்ற அமெரிக்கர் சொன்ன கணக்கு: 180-இலிருந்து வயதைக் கழி, பெரிய நோயிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ எழுந்தவர் என்றால் இன்னும் 10 கழி. எனக்கு 126. இது வேதவாக்கு இல்லை. எல்லா 44 வயதுக்காரர்களுக்கும் ஒரே எண் எப்படிச் சரியாக வரும் என்று என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே கேட்பார்கள். ஆனால் எழுந்த புதிதில் ஏதோ ஒரு வேலி வேண்டும், அது தாழ்வான வேலியாக இருப்பது நல்லது. செயலியில் 126-ஐத் தாண்டினால் சத்தம் போடும்படி வைத்துக்கொண்டேன்.

சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது! முன்பு ஏழு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் என்ற வேகத்தில் அரட்டை அடித்துக்கொண்டே ஓடுவேன், துடிப்பு 136-ஐத் தாண்டாது. இப்போது அதே வேகத்தில் 158. பயிற்சியை நிறுத்தினாலே இரண்டு மூன்று வாரத்தில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் 7 சதவீதம் போலக் குறையும் என்று நன்கு பழகிய வீரர்களை வைத்து 1984-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்கள் நோயாளிகள்கூட இல்லை, பயிற்சியை நிறுத்தியவர்கள் மட்டுமே. எனக்கு அதன்மேல் காய்ச்சலும் சேர்ந்திருக்கிறது.

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "அக்கா, அட்ரினலின்ல ஓடிடலாம்" என்றான் கல்லூரிப் பையன் ஒருவன். பாதி தூரம் ஓடிவிட்டு நிறுத்திக்கொள்ளச் சொன்னார் இன்னொருவர். மாரத்தானில் பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும், யாரும் திட்டமிட்ட இடத்தில் நிறுத்துவதில்லை. வலி நிவாரணி போட்டுக்கொண்டு ஓடலாம் என்றும் ஒருவர் சொன்னார். டெங்குவில் ஐபுரூஃபென், ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது. டெங்குவே வராவிட்டாலும், நீர்வற்றும் நீண்ட ஓட்டத்தில் ஐபுரூஃபென் சிறுநீரகத்துக்குக் கேடு. இந்த யோசனைக்கு மட்டும் நான் கொஞ்சம் கத்திவிட்டேன்.

முடிவு செய்தது டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. 126-ஐத் தாண்டாமல் ஒரு மணி நேரம் ஓடுவது, முதல் பாதி வேகத்தையும் இரண்டாம் பாதி வேகத்தையும் ஒப்பிடுவது. உடல் தயாராக இருந்தால் ஒரே துடிப்பில் வேகம் அதிகம் சரியாது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது ஓடுகிறவர்களிடையே புழங்கும் கணக்கு. எனக்கு முதல் அரைமணியில் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 20 நொடி. அடுத்த அரைமணியில் 10 நிமிடம் 30 நொடி. அதாவது கிலோமீட்டருக்கு 12 சதவீதத்துக்கும் கூடுதல் நேரம், அதுவும் மார்கழிக் குளிரில், சமதரையில். புழுக்கம் கொஞ்சம் இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். போட்டி அன்று மட்டும் சென்னையில் புழுக்கம் இருக்காதா என்ன?

வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 45 நொடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலே முழு தூரத்துக்கு 6 மணி 51 நிமிடம். விடியுமுன் நாலு மணிக்கு நேப்பியர் பாலத்தில் கிளம்பினாலும் முடிக்கப் பதினொன்று ஆகும். பின்பாதியில் வேகம் சரிவதை இதில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் வெயில் உச்சிக்கு வந்துவிடும். போகவில்லை என்று குழுவில் எழுதிப் போட்டேன். போட்டியில் சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் எண்ணைத் தனக்குத் தரும்படி இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. வழியில் ஒருவர் விழுந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் யார், ரத்த வகை என்ன, யாருக்குப் போன் போடுவது என்று பார்ப்பார்கள். என் எண்ணோடு வேறொருவர் விழுந்தால் போன் என் அம்மாவுக்கு வரும்.

பட்டை இல்லாமல் இந்த முடிவுக்கு வந்திருப்பேனா? டாக்டர் சொன்னதை வைத்தே வந்திருக்கலாம். ஆனால் மனசுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கும், போட்டி அன்று காலை மூன்று மணிக்கு ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு. துடிப்புக் கணக்கைக் கையில் வைத்திருந்ததால் அந்த வாதாட்டம் இல்லை.

இனி பொருளைப் பற்றி. ப்ளூடூத், ஆன்ட் ப்ளஸ் என்ற இரண்டு வயர்லெஸ் இணைப்பும் உண்டு, அதனால் போன், கடிகாரம், ஜிம் இயந்திரம் எதோடும் சேரும். சி.ஆர். 2025 என்ற வட்ட பேட்டரி, 400 மணி நேரம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. பெரும்பாலான எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். சார்ஜ் போடும் தொல்லை இல்லை. கட்டும் முன் உள்பக்கத்தை நனைக்க வேண்டும். ஓடி முடித்ததும் முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். ஈரப் பட்டையிலேயே விட்டால் உடம்பில்தான் இருக்கிறது என்று நினைத்துப் பேட்டரியைத் தின்னும். பட்டையைக் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் நாற்றம் வராது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளாடை எலாஸ்டிக்கும் பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் எந்த மார்புப் பட்டையும் உரசும். பட்டையை எலாஸ்டிக்குக்குக் கீழே கொஞ்சம் இறக்கிக் கட்டி, வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

விலைதான் உறுத்தல், கிட்டத்தட்ட ஒரு நல்ல ஓட்ட ஷூவின் விலை. திரையும் கிடையாது, போனோ கடிகாரமோ ஏதாவது ஒன்றோடு இணைக்காமல் துடிப்பைப் பார்க்க முடியாது. மாலையில் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிக்கொள்ளலாம். நோயிலிருந்து எழுந்து, முன்பே பணம் கட்டிய ஒரு நீண்ட ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கலாம். பட்டை இரண்டு அளவுகளில் வருகிறது. காய்ச்சலில் இளைத்திருப்பீர்கள், பழைய சட்டை அளவை நம்பாமல், மார்புக்குக் கீழே டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.