கிரைண்டர் வேலைக்குக் கண்ணாடி: ஜெனிசிஸ், செக்யூர்ஃபிட், வர்ச்சுவா

பட்டறைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "அடிபட்டா உடையாதே?" என்றுதான். தர முத்திரை உள்ளவற்றில் பெரும்பாலும் பாலிகார்பனேட் லென்ஸ்தான் வருகிறது; அதன் உறுதியில் பிராண்டுக்குப் பிராண்டு பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு முழுக்க லென்ஸுக்கும் முகத்துக்கும் நடுவில் உள்ள சந்தில் இருக்கிறது. பிசிறு லென்ஸைத் துளைத்து வர வேண்டாம், புருவத்துக்கு மேலே சந்து கிடைத்தால் போதும்.

முத்திரையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தரமான இசட் 87-இல், எண்ணுக்குப் பின் கூட்டல் குறி இல்லாவிட்டால் அது அடிப்படைச் சோதனை மட்டும்: 25.4 மி.மீ. எஃகுக் குண்டை 127 செ.மீ. உயரத்திலிருந்து லென்ஸ் மேல் விடுவார்கள். கூட்டல் குறி இருந்தால் 6.35 மி.மீ. குண்டு நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் வந்து மோதியதைத் தாங்கியிருக்கிறது. 500 கிராம் கூர்முனை எடை 127 செ.மீ.-லிருந்து விழுந்ததையும் தாங்கியிருக்கிறது. குறி லென்ஸிலும் பிரேமிலும், இரண்டிலும் இருக்க வேண்டும். ஐரோப்பிய இஎன் 166-இல் 'எஃப்' என்றால் நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்த குண்டைத் தாங்கியது, 'பி' 120, 'ஏ' 190. காதில் மாட்டும் கண்ணாடிக்கு 'எஃப்' வரைதான் கிடைக்கும். 'பி' போட்ட சாதாரண கண்ணாடியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இந்த 45 மீட்டரை உங்கள் ஆங்கிள் கிரைண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 100 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு வேகம் நொடிக்குச் சுமார் 58 மீட்டர். பறக்கும் துகளுக்குக் கண்ணாடி போதும். டிஸ்க்கே உடைந்தால் வருவது அந்த 45 மீட்டரைவிட வேகமான, சோதனைக் குண்டைவிடக் கனமான துண்டு. அதனால் கட்டிங் வீல் போடும் வேலைக்கு எந்தக் கண்ணாடியானாலும் அதன் மேல் முக ஷீல்டும் வேண்டும். ஷீல்டை மட்டும் மாட்டுவது தவறு. பொறி அதன் அடிப்பக்கமாக ஏறி வரும்.

யூவெக்ஸ் ஜெனிசிஸில் காதில் மாட்டும் தண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், லென்ஸின் சாய்வையும் மாற்றலாம். இந்த மூன்றில் முகத்துக்கேற்பத் திருத்த அதிக இடம் கொடுப்பது இதுதான். கன்னத்துக்குக் கீழே சந்து தெரிந்தால் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். புருவத்துக்கு மேல் மெத்தென்ற தடுப்பும் உண்டு. தலைக்கு மேலே கூரையில் டிரில் போடுகிறவருக்கு அது பெரிய உதவி. லென்ஸ் கீறிப்போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

3எம் செக்யூர்ஃபிட் 400 வேறு வழியில் போகிறது. தண்டே வளைந்து தலையின் அகலத்துக்குத் தக்கபடி அழுத்தத்தைப் பரப்பிக்கொள்கிறது. காதுக்கு மேல் வலிக்கிறது என்று பத்து நிமிடத்தில் கழற்றி வைப்பவருக்கு இதைத்தான் சொல்வோம். ஹெல்மெட்டோ காதுறையோ சேர்த்துப் போடும் இடத்திலும் மெல்லிய தண்டுதான் நல்லது. தடித்த தண்டு காதுறையின் மெத்தையைத் தூக்கிச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும்.

3எம்மின் இன்னொரு மாடலான வர்ச்சுவா சிசிஎஸில் கழற்றி மாட்டக்கூடிய ஃபோம் விளிம்பு இருக்கிறது. சிமெண்ட் தூசியிலும் மரத்தூளிலும் அது பயன்படும், ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்வை உள்ளே தங்கிச் சீக்கிரம் ஆவி படியும். அதோடு, அமெரிக்கத் தரத்தில் தூசிக்கான 'டி4' அல்லது நுண்தூசிக்கான 'டி5' குறி இல்லாத எதையும் தூசிக் காப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். குனிந்து தலையை உதறினால் நழுவக் கூடாது. இமை மயிர் லென்ஸில் உரசக் கூடாது. புருவத்தருகே சுண்டுவிரல் நுழையும் அளவு சந்து இருந்தால் வேறு அளவு கேளுங்கள். பார்வைக் கண்ணாடி அணிபவர் அதன் மேல் மாட்டும் பெரிய வகையை வாங்க வேண்டும். சாதாரண பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது.

தூசி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். தண்ணீரில் அலசிவிட்டு மென்துணியால் ஒற்றினால் ஆவி தடுக்கும் பூச்சு நிலைக்கும். தின்னரும் அசிட்டோனும் பட்டால் பாலிகார்பனேட் மயிர்க்கோடாக விரிசல் விடும். ஒருமுறை பலமாக அடி வாங்கியது, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், திரும்ப வேலைக்கு ஆகாது.