பல்பா, கார்புரேட்டரா? பழைய அவுட்போர்டு எஞ்சின் திணறினால் முதலில் எங்கே கை வைப்பது

கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். மெதுவாக ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது. அலை தாண்டி, கைப்பிடியை முழுசாக முறுக்கி அரை நிமிடம் போனதும் சத்தம் இறங்கும், வேகம் விழும், அப்படியே விட்டால் நின்றும் போகும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கயிற்றை இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

படகின் பின்னால் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கூத்து. எஞ்சினுக்கு எண்ணெய் (பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, எரிகிற எண்ணெயைத்தான் சொல்கிறேன்) போதவில்லை, அவ்வளவுதான். 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு 15 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், அதாவது நிமிடத்துக்குக் கால் லிட்டர். எண்ணெயைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் நிற்பது கொஞ்சம்தான். வழியில் எங்கேயாவது அடைப்போ காற்றோ இருந்தால், மெதுவாகப் போகும்போது வரும் எண்ணெய் செலவுக்குக் காணும். முழு வேகத்தில் காணாது, கிண்ணம் வற்றிவிடும். எஞ்சின் நின்ற நேரத்தில் கிண்ணம் மறுபடி நிறைந்துகொள்ளும். அதனால்தான் அடுத்த இழுப்பில் நல்ல பிள்ளையாக ஓடுகிறது.

இதை எங்கிருந்து பார்ப்பது என்பதில் எங்கள் குமரிக் கரையில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, நேராகக் கார்புரேட்டரைக் கழற்றும் கட்சி. இன்னொன்று, டேங்கிலிருந்து தொடங்கி ஹோஸ், பல்பு (ஹோஸின் நடுவில் கையால் அழுத்தி எண்ணெய் ஏற்றும் ரப்பர் உருண்டை), பம்பு என்று வரிசையாக வரும் கட்சி. நான் முதல் கட்சியில் இருந்து கை சுட்டுக்கொண்டவன். “எல்லாம் கார்புரேட்டர் அழுக்குதான் மக்கா” என்று மெக்கானிக் சொன்னதை நம்பி ஒரே சீசனில் மூன்று முறை அதைக் கழற்றிக் கழுவினோம். கடைசியில் பிடிபட்டது, டேங்க் பக்கத்து கனெக்டருக்குள் வெடித்துப்போயிருந்த ஒரு ஓ ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்.

மூன்று முறை ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. கார்புரேட்டரைக் கழுவி மாட்டியதும் பல்பை நன்றாக அழுத்துகிறோம், கிண்ணம் நிறைகிறது. பிறகு தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்க்கிறோம். டிரம்மில் எஞ்சினுக்குச் சுமை கிடையாது, குடிக்கும் எண்ணெயும் குறைவு. சரியாகிவிட்டது என்றுதான் தோன்றும். டிரம்மில் தேறிய எஞ்சின் கடலில் தேறியதாக அர்த்தமில்லை. இன்னொன்று, அந்த ஓ ரிங் பக்கம் ஒரு சொட்டுகூட வெளியே கசியவில்லை. பம்பு உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கையால் தடவிப் பார்த்து ஈரம் இல்லை என்று விட்டுவிடுவோம்.

பல்பு சோதனைக்குச் செலவே இல்லை, ஆனால் இரண்டு பேர் வேண்டும், கடலில் ஓட வேண்டும். ஒருவர் கைப்பிடியில், ஒருவர் பல்பில். எஞ்சின் திணறத் தொடங்கியதும் பல்பை நிதானமாக அழுத்த வேண்டும். உடனே வேகம் திரும்பினால் கோளாறு கார்புரேட்டருக்கு முன்னால் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். எவ்வளவு அழுத்தியும் வேகம் ஏறவில்லை என்றால் கார்புரேட்டரையோ மின்பொறியையோ சந்தேகப்படலாம்.

பல்பின் உருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது பாதி கதையைச் சொல்லிவிடும். ஓடும்போது அப்பளம் மாதிரி ஒட்டிப்போனால் பம்பு இழுக்கிறது, டேங்க் கொடுக்க மறுக்கிறது: மூடியிலுள்ள காற்றுத் திருகு திறக்கப்படவில்லை, அல்லது டேங்குக்குள் இறங்கும் குழாயின் சல்லடை அடைத்திருக்கிறது. ஒட்டாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று ஏறுகிறது, இல்லையென்றால் பம்பு சோர்ந்திருக்கிறது. கல் மாதிரி இறுகியிருந்தும் எஞ்சின் திணறினால் அடைப்பு பல்பைத் தாண்டி எஞ்சின் பக்கம். எத்தனை அழுத்தியும் இறுகவே இல்லையா? உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகளில் ஒன்று போயிருக்கலாம். காற்று ஏறுவதாகவும் இருக்கலாம். கார்புரேட்டர் ஊசி பிடிக்காமல் எண்ணெய் வழிந்து போவதும் உண்டு. பல்பின் மேலுள்ள அம்பு எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன், தலைகீழாக மாட்டிய ஒரு ஹோஸைப் பார்க்கும்வரை.

பல்புக்கும் ஒரு குறை உண்டு. பம்பு பழுதானாலும் கை அழுத்தம் எஞ்சினை ஓட வைக்கும், ஹோஸில் காற்று ஏறினாலும் ஓட வைக்கும். இரண்டில் எது என்று அது பிரித்துச் சொல்லாது. பல்பே குற்றவாளி என்றால் தீர்ப்பு இன்னும் குழம்பும். அங்கேதான் மாற்று டேங்க் கை கொடுக்கிறது. பக்கத்துப் படகிலிருந்து டேங்கை அதன் ஹோஸ், பல்போடு சேர்த்து வாங்கி மாட்டி ஓட்டுங்கள். திணறல் போனால் உங்கள் டேங்கும் ஹோஸும்தான் வில்லன். போகாவிட்டால் எஞ்சின் மூடிக்குள் இருக்கும் பம்பு, ஃபில்டர், சின்ன ஹோஸ்கள். யமஹா கனெக்டர் சுசூகியில் ஏறாது, அதனால் ஒரே கம்பெனி எஞ்சின் வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சின்காரர்களுக்கு இந்தச் சோதனை பாதி இலவசம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள் என்பதால் இரண்டு வழி ஏற்கெனவே இருக்கிறது. பெட்ரோலில் முழு வேகம் குறையாமல் இருக்கிறது, மண்ணெண்ணெயில் மட்டும் விழுகிறது என்றால் முதலில் மண்ணெண்ணெய்க் கேனையும் அதன் ஹோஸையும் பாருங்கள்.

கேன் என்றதும் ஒன்று. டேங்கை விடக் கேனில் ஹோஸை முக்கிவிடுவது சுலபம், காற்றுத் திருகைத் திறக்க மறக்கும் பிரச்சினையும் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் திறந்த வாய் வழியாக உப்புத் தண்ணீரும் மணலும் இறங்கும். கேன் பாதியானதும் படகு குலுங்கும்போது ஹோஸ் நுனி எண்ணெய்க்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும். நான் டேங்க் பக்கம்தான்.

வேறு இரண்டு கருவிகளும் உண்டு. ஹோஸுக்கு நடுவில் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் குழாயைச் செருகினால் காற்றுக் குமிழி கண்ணுக்கே தெரியும். என் ஓ ரிங்கைக் காட்டிக்கொடுத்தது அதுதான். ஆனால் பெட்ரோல் பட்டு அந்தக் குழாய் இறுகிவிடும், பார்த்ததும் கழற்றிவிடுங்கள். பம்பு எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும் வெற்றிட மானி இன்னும் துல்லியமானது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டி முழு வேகத்தில் ஓடும்போது 4 அங்குலப் பாதரசத்தைத் தாண்டினால் இழுக்கும் வழியில் தடை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒர்க்‌ஷாப்புக்கு நல்லது, ஒற்றை எஞ்சின்காரர் வாங்க வேண்டிய அவசியமில்லை.

சரி, பம்பு என்று முடிவாகிவிட்டது. உள் பாகங்கள் மட்டும் அடங்கிய கிட் போடுவதா, முழு பம்பையே மாற்றுவதா? இந்தப் பம்புக்கு மின்சாரம் இல்லை, பிஸ்டனுக்கு அடியிலுள்ள கிராங்க் கேஸ் அறைக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தில் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு துடிக்கிறது, அதுதான் மொத்த இயந்திரமும். அந்த டயாப்ரம் விறைத்தாலோ ஓட்டை விழுந்தாலோ கதை முடிந்தது. ஓட்டை விழுந்ததற்கு ஒரு நல்ல அடையாளம் சொல்கிறேன்: எண்ணெய் அந்த வழியாகவே கிராங்க் கேஸுக்குள் போவதால், பம்பு இணைந்திருக்கும் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மட்டும் ஊறி நனைந்திருக்கும். அரை மணி நேரத்தில் கிட் போட்டுவிடலாம், முழு பம்பை விட மலிவு. ஆனால் பம்பின் உடல் வளைந்திருந்தால் எத்தனை கிட் போட்டும் காற்றுப் போகும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடாவிட்டால் கிட், ஆடினால் பம்பு. பெயர் தெரியாத மலிவு பம்பை விட ஒரிஜினல் கிட் போட்ட பழைய பம்பையே நான் நம்புவேன்.

மின்சாரப் பம்பு வைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கயிறு இழுத்து ஓட்டும் எஞ்சினுக்கு அது வேண்டாம். பேட்டரி ஒரு கூடுதல் தலைவலி. அதோடு எஞ்சின் நின்ற பிறகும் பம்பு தள்ளிக்கொண்டே இருந்தால் படகுக்குள் பெட்ரோல் தேங்கும்.

ஹோஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை ஊத வைக்கும். ஹோஸின் உள்தோல் உரிந்து, இழுக்கும்போது மடிந்து வழியை மூடும், நிறுத்தினால் திறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதுசு. சந்தேகம் இருந்தால் பழுது பார்க்காமல் ஹோஸ், பல்பு இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு உள்விட்டம் 8 மில்லிமீட்டர் வேண்டும், கையில் கிடைத்தது என்று 6 மில்லிமீட்டர் போட்டால் அடைப்பை நாமே விலைக்கு வாங்கியதாகும்.

இதையெல்லாம் கரைக்கு வந்து செய்யுங்கள். பல்பை அழுத்திக்கொண்டே முழு வேகத்தில் வீடு வந்து சேரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் கீறும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் வருகிற எண்ணெயே போதும், அப்படியே வாருங்கள்.

அப்புறம், கார்புரேட்டர் நிஜமாகவே குற்றவாளியாக இருக்கும் நாளும் வரும். பல்பை அழுத்தியும் தேறவில்லை, ஆனால் காற்றை மறிக்கும் சோக்கை ஒரு நொடி இழுத்தால் வேகம் எகிறுகிறது என்றால் கார்புரேட்டருக்குள் எண்ணெயை அளந்து விடும் ஜெட் அடைத்திருக்கிறது. இரண்டு மூன்று கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் ஒன்று மட்டும் அடைத்திருந்தாலும் இப்படித்தான். அன்றைக்குத் தாராளமாகக் கழற்றுங்கள். ஜெட்டின் துளையை மட்டும் கம்பியாலோ ஊசியாலோ குத்தாதீர்கள், பித்தளை அரைந்து துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து, காற்று ஊதி, அப்படியும் வரவில்லை என்றால் மெல்லிய தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் இழை) விட்டு எடுங்கள். நம் படகில் அதற்குப் பஞ்சமா என்ன.