ஜி-சிங்க்கா, ஃப்ரீசிங்க்கா? ஸ்டிக்கருக்கு முன்னால் ரேஞ்சைப் பாருங்கள்

போன மாதம் தக்கலையிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, பெட்டியில ஃப்ரீசிங்க்னு போட்டிருக்கு. ஆனா கேம்ல படம் கிழியுது." நாகர்கோவிலில் வாங்கிய 75 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது செகண்டுக்கு 75 முறை வரை திரை புதுப்பிக்கும். போய்ப் பார்த்தால், அவனுடைய பழைய கிராபிக்ஸ் கார்டில் அந்த கேம் 40, 42 எஃப்.பி.எஸ்.தான் (செகண்டுக்கு இத்தனை ஃப்ரேம், அதாவது படம்) வருகிறது. கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றுவதுதான் ஃப்ரீசிங்க். இந்த மானிட்டரில் அது 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரைதான் வேலை செய்யும், இதுதான் அதன் ரேஞ்ச். 48-க்குக் கீழே இறங்கினால் அது வெறும் மானிட்டர். கடையில் யாரும் இதை அவனிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் சேர்த்து வைத்த காசு, எனக்கே மனசு கேட்கவில்லை.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறை திரையைப் புதுப்பிக்கும். கார்டு அடுத்த ஃப்ரேமைப் பாதியில் அனுப்பினால் மேலே பழைய படம், கீழே புதிய படம். இதுதான் டியரிங். கார்டைத் திரையின் நேரத்துக்குக் காக்க வைக்கும் வி-சிங்க் போட்டால் கிழியாது, ஆனால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நேரத்துக்கு எடுக்கும் பஸ் மாதிரி: ஒரு எட்டு பிந்தினாலும் அடுத்த பஸ்தான். 17 மில்லி செகண்ட் எடுத்த ஃப்ரேம் 33.3 வரை காத்துக் கிடக்கும், 60 எஃப்.பி.எஸ். 30-க்கு விழும். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இரண்டுக்கும் பொதுப் பெயரான அடாப்டிவ் சிங்க், ஆள் ஏறியதும் கிளம்புகிற வேன். ஃப்ரேம் தயாரானதும் திரை புதுப்பிக்கும்.

இதை முதலில் கொண்டு வந்தது கிராபிக்ஸ் கார்டு கம்பெனி என்விடியா, 2013-ல், ஜி-சிங்க் என்ற பெயரில். பல ஜி-சிங்க் மானிட்டர்களுக்குள் அவர்களுடைய தனி போர்டு இருக்கும். அதனால் விலை ஏறும். போட்டிக் கம்பெனி ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015-ல் வந்தன. அதற்கு அடிப்படை, 2014-ல் திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, கார்டையும் மானிட்டரையும் இணைக்கும் டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ-யில் சேர்த்த பொதுத் தரம். தனி போர்டு வேண்டாம், லைசென்ஸ் கட்டணமும் இல்லை.

சரி, அந்த போர்டுக்குக் கொடுக்கும் காசு வீணா? இல்லை. ரெஃப்ரெஷ் ரேட் (திரை புதுப்பிக்கும் வேகம்) ஏறி இறங்கும்போது, பிக்சல் சீக்கிரம் நிறம் மாறக் கொடுக்கும் உந்துதலான ஓவர்டிரைவையும் அது கூடவே மாற்றும். விலை குறைந்த ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் பலவற்றில் ஓவர்டிரைவ் ஒரே அளவில் நிற்கும். எஃப்.பி.எஸ். குறைந்தால் ஓடும் பொருளின் பின்னால் நிழலோ வெள்ளைக் கோடோ தெரியும். வேகமான ஷூட்டர் கேம் ஆடுகிறவர்களுக்கு இது உறுத்தும், மற்றவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

2019 ஜனவரியில் என்விடியாவும் பொதுத் தரத்துக்குக் கதவைத் திறந்தது. ஜி.டி.எக்ஸ். 10 வரிசை முதல் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக ஃப்ரீசிங்க் மானிட்டர்களும் வேலை செய்யும். அப்போது 400 மானிட்டர்களைச் சோதித்து 12-க்கு மட்டும்தான் 'ஜி-சிங்க் கம்பேட்டிபிள்' முத்திரை கொடுத்தார்கள். ஃப்ரீசிங்க் என்ற ஒரே பெயருக்குள் எவ்வளவு தர வித்தியாசம் இருந்தது என்பதற்கு அந்த 12 போதும்.

என் கணக்கில் எல்லாவற்றையும் விட முக்கியம், எஃப்.பி.எஸ். ரேஞ்சுக்குக் கீழே இறங்கினாலும் கைவிடாத எல்.எஃப்.சி. ரேஞ்ச் 48–144 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 எஃப்.பி.எஸ். வந்தால் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டிவிடும். இது நடக்க ரேஞ்சின் பெரிய எண் சிறிய எண்ணைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 75 என்பது 48-க்கு இரண்டு மடங்கு இல்லை, தம்பி மாட்டியது இங்கேதான். 'ஃப்ரீசிங்க் பிரீமியம்' முத்திரைக்கு எல்.எஃப்.சி. கட்டாயம், அதனால் அதை நம்பி வாங்கலாம். பிரீமியம் புரோ, வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் துல்லியமாகக் காட்டும் எச்.டி.ஆருக்கானது. பட்ஜெட் மானிட்டரில் அதைத் தேட வேண்டாம்.

பி.எஸ்.5 கேம் கன்சோலும் இதே திரையில்தான் என்றால் எச்.டி.எம்.ஐ. 2.1 வி.ஆர்.ஆர். (எச்.டி.எம்.ஐ.யில் இதே வேலையைச் செய்யும் தரம்) இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பி.எஸ்.5-க்கு ஃப்ரீசிங்க் தெரியாது. அப்புறம், வி.ஏ. வகைத் திரையில் எஃப்.பி.எஸ். துள்ளினால் இருட்டுக் காட்சிகள் மினுங்கலாம். முடிந்தால் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

தம்பிக்கு ஷேடோவையும் டெக்ஸ்சரையும் குறைத்து வைத்தேன். 55-க்கு மேல் வந்தது. 72-ல் லிமிட் போட்டோம், கிழிசல் நின்றது. மார்த்தாண்டத்தில் அவனுடைய கூட்டுக்காரன் ஒருத்தன் புதிதாக மானிட்டர் வாங்கப் போகிறான், கார்டு என்விடியா. அவனுக்கு 48–144 ரேஞ்சில் ஃப்ரீசிங்க் பிரீமியம் உள்ள ஐ.பி.எஸ். வகைத் திரை ஒன்றைச் சொல்லியிருக்கிறேன், பெட்டிக்குள் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்றும்.