குரோமியத்தின் நிழலில் மாங்கனீசு: சிலிக்கான் டிடெக்டரா, படிகமா?

எஃகின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்-கதிரை உமிழும். 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி கண்ட ஒழுங்கு அது. வரும் கதிர்களை எப்படிப் பிரித்தறிவது என்பதில்தான் கருவிகளுக்குள் போட்டி.

சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர் என்னும் குறைக்கடத்தி உணரி எல்லா ஆற்றல்களையும் ஒரே சமயத்தில் வாங்கிக்கொள்ளும். பழைய லித்தியம்-சிலிக்கான் வகைக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். டிரிஃப்ட் வகைக்கோ மின்சாரத்தால் குளிர்விக்கும் பெல்டியர் குளிரூட்டியே போதும், அதனால் கைக்கருவிக்குள் அடங்கிவிட்டது. 304, 316 என்ற துருப்பிடிக்காத எஃகு ரகங்கள் கலந்து கிடக்கும் குவியலில் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உள்ளது எது என்று சில நொடிகளில் சொல்லிவிடும். தரம் பிரிக்க மட்டும்தான் என்றால் இதற்கு மேல் செலவு வீண்.

சரி, மாங்கனீசு எவ்வளவு என்று துல்லியமாகக் கேட்டால்? அதன் கே-ஆல்ஃபா கோடு (முதன்மை எக்ஸ்-கதிர்) 5.90 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். குரோமியத்தின் கே-பீட்டா (இரண்டாவது கோடு) 5.95. இடைவெளி 50 எலெக்ட்ரான் வோல்ட்கூட இல்லை, டிடெக்டரின் பிரிதிறனோ (ஒரு கோடு பரவித் தெரியும் அகலம்) 130 அளவில். குரோமியம் 18 சதவீதம், மாங்கனீசு 2க்குள் என்றால் சிறியது பெரியதன் நிழலில் மறைந்துவிடும். கே-பீட்டா பக்கம் ஒதுங்கலாமென்றால் அங்கே இரும்பு நிற்கிறது. மென்பொருள் பிரித்துக் கணக்குப் போடும்தான், ஆனால் மாங்கனீசு குறையக் குறைய அந்தக் கணக்கை நான் நம்ப மாட்டேன். டிடெக்டரை இன்னும் குளிர வைத்தாலும் பலனில்லை. 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் ஒன்று சிலிக்கானில் சுமார் 1,600 மின்னூட்ட இணைகளைத்தான் உண்டாக்கும். ஆற்றலை அளக்க உதவும் அந்த எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கமே 120 எலெக்ட்ரான் வோல்ட் அகலத்தைத் தந்துவிடும்.

படிகக் கருவி, படிகத்தில் எக்ஸ்-கதிர் சிதறும் கோணத்தைச் சொல்லும் பிராக் விதிப்படி ஒவ்வோர் அலைநீளத்தையும் வேறு கோணத்தில் திருப்பும். நல்ல லித்தியம் ஃபுளோரைடு படிகம் இருந்தால் குரோமியமும் மாங்கனீசும் தனித்தனியே நிற்கும். ஆனால் கோணம் கோணமாக நகர வேண்டும், மாதிரியை மெருகேற்ற வேண்டும், கருவியும் பெரியது. டைட்டானியம்-வனேடியம் ஜோடி (இடைவெளி 20 எலெக்ட்ரான் வோல்ட்) இதிலும் திருத்தம் கேட்கும்.

இரண்டின் குணமும் சேர்ந்தது, ஒவ்வொரு கதிரும் தரும் வெப்பத்தை அளக்கும் மைக்ரோகலோரிமீட்டர். பிரிதிறன் சில எலெக்ட்ரான் வோல்ட்தான், ஆனால் கெல்வினில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே குளிர வேண்டும். அன்றாடத் தொழிற்சாலைக்கு இது ஒத்துவராது.

அப்புறம் கார்பன். அதன் கதிர் 0.28 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்தான், காற்றே அதை விழுங்கிவிடும். ஆகவே 316ஐயும் கார்பன் குறைந்த 316எல் ரகத்தையும் பிரித்துக் காட்டும்படி எக்ஸ்-கதிர் கைக்கருவியிடம் கேட்காதீர்கள். அதற்குத் தீப்பொறி நிறமாலைமானியிடம் போங்கள்.